இடது கை கொடுத்த அடி

ஸ்டான்ஹோப்,
1 மார்ச் 1953

ஐசக்,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேற்று மரச்செருப்பு நடனப் போட்டி முடிந்ததும் நீ பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டாய். மேடைக்கு அடியில் உட்கார்ந்து காலோசையை மட்டும் கேட்டு மதிப்பெண் போடும் நடுவர் என்னிடம் வந்தார். "பரிசு குடுத்தாச்சும்மா. ஆனா ஒவ்வொரு சுத்து முடிவுலயும் மூணு அடி விழுதே, மூணாவது உன் காலா, அவன் அக்கார்டியனா?" என்றார்.

சிரித்து மழுப்பினேன். காலையிலிருந்து சமையலறைக் கல்தரையில் மரச்செருப்போடு ஆடிப் பார்க்கிறேன். நீ இல்லாமல் பல சுற்றில் மூன்றாவது அடி விழவில்லை. விட்டுவிட்டு உட்காரவும் மனம் வரவில்லை.

எத்தனை நாளாக இப்படி?

எட்னா

வுல்சிங்கம்,
4 மார்ச்

அன்புள்ள எட்னா,

இரண்டு வருஷமாக. பனியில் வழுக்கிக் கணுக்காலை நீ முறித்துக்கொண்டதிலிருந்து.

நீ ஆடுகிற ஹார்ன்பைப் நொண்டிக்கொண்டே போகிற மெட்டு. நீளமாய் ஒன்று, குட்டையாய் ஒன்று. அந்த நீளத்தை மயிரிழை இழுத்தால் உன் கால் வந்து சேர்ந்துவிடும். சேராத இடத்தில், அடி விழுந்தது போலக் கேட்க, இடது கையால் கனத்த சுரத்தை அழுத்தினேன். பக்கவாத்தியக்காரன் வேறு எதற்கு இருக்கிறான்?

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் ஐசக்

ஸ்டான்ஹோப்,
7 மார்ச்

ஐசக்,

ஒத்தடம் கிடக்கட்டும். ஊரே கைதட்டியது, எனக்கென்று நம்பினேன். 21ஆம் தேதி கான்செட் போட்டியில் மெட்டை மட்டும் வாசி. இழுக்காதே. இடது கையைத் தொடாதே. சம்மதமா?

எட்னா

வுல்சிங்கம்,
11 மார்ச்

எட்னா,

சரியென்று எழுதிவிடலாம், மேடையில் என் கை கேட்காது. உன்னிடம் இன்னொரு பொய் வேண்டாம். கான்செட்டில் ஒரு பிடில்காரர் இருக்கிறார், யாருக்காகவும் காத்திருக்காதவர். அவரைக் கேள். நான் வரவில்லை.

ஐசக்

ஸ்டான்ஹோப்,
22 மார்ச்

அன்புள்ள ஐசக்,

ஐந்தாம் இடம். பிடில்காரர் கடிகாரம் மாதிரி வாசித்தார். இரண்டு இடத்தில் மூன்றாவது அடி விழவில்லை. முன்வரிசையில் ஒருத்தி, "ஐயோ, காலு போச்சே இவளுக்கு!" என்றாள். யாரும் செத்துப்போகவில்லை. மற்றதெல்லாம் என் காலே போட்டது.

வரவில்லை என்றவன் கடைசி வரிசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றாயே! முதல் தடவை நான் தவறியபோது உன் இடது கை விரல்கள் தொடையில் அழுந்தியதைப் பார்த்தேன். அதைப் பார்த்ததால்தான் இரண்டாவது தவறு. ஆடி முடித்துத் தேடினேன், காணோம்.

பதினொரு வருஷமாக நீ என் வீட்டுக்கு வந்ததெல்லாம் ஒத்திகைக்குத்தான். அடுத்த ஞாயிறு மதியம் ஆட்டுக்கறி வாட்டுகிறேன். அக்கார்டியனை வீட்டில் வைத்துவிட்டு வா.

எட்னா