ஆயிரத்து ஆறாம் நம்பர் ஸ்கூட்டர்

மச்சான்,

காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் நாற்றம். வேறென்ன, உன் ஸ்கூட்டர்தான். இரண்டு மாதமாக என் வீட்டு வாசலில் நின்று ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே எண்ணெய்க் கறை, மேலே சீட்டில் தெருப் பூனை. என் பெண்டாட்டி கோலம் போட வரும்போதெல்லாம் உன்னைத் திட்டிவிட்டுத்தான் புள்ளியே வைப்பாள். செத்துப்போனவனைத் திட்டாதே என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். இப்போது நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

இந்த ஓட்டை வண்டியை நீ வாங்கின கதையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், அவள் பிறந்த நாளை வருஷம் தவறாமல் மறப்பாய். அவளும் வருஷம் தவறாமல் உன்னோடு பேச்சை நிறுத்துவாள். நீ என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாய். அப்படியே காலம் ஓடியிருக்கலாம். கேளம்பாக்கத்தில் அன்றைக்கு டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். எவனோ நிறுத்தியிருந்த இந்த ஸ்கூட்டரின் நம்பரைப் பார்த்துவிட்டு டம்ளரோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாய். ஆயிரத்து ஆறு.

"மச்சான், பத்து, ஆறு. ஜூன் பத்து. என் பொண்டாட்டி பொறந்த தேதிடா! நேத்துதான் அவ ஆதார் கார்டுல பாத்தேன்."

அப்போது நீ புது காருக்கு முன்பணம் கட்டியிருந்தாய். இந்த ஸ்கூட்டரை வாங்குவதாம், நம்பரை மட்டும் புது காருக்கு மாற்றிக்கொள்வதாம், அப்புறம் ஜென்மத்துக்கும் தேதி மறக்காதாம். "நம்பர் இன்னா டோப்பாவாடா, ஒருத்தன் தலையிலேர்ந்து கழட்டி இன்னொருத்தன் தலையில மாட்ட? ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கு" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா? "துபாயில மாத்துறான், லண்டன்ல விக்கிறான், நம்மூர்ல மட்டும் ஆவாதா?" என்று எனக்கே பாடம் எடுத்தாய்.

வாங்கிய பிறகு செங்கல்பட்டு ஆர்டிஓ ஆபீஸில் போய் நின்றோம். அங்கே இருந்த கிளார்க் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள்: "நம்பர் வண்டிக்கு சார், ஆளுக்கு இல்ல. வண்டி எங்க போவுதோ நம்பரும் அங்கதான் போவும்." நீ அதே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டாய். அவர்கள் அதே பதிலை மாற்றாமல் சொன்னார்கள். காருக்கு ஏதோ ஒரு நம்பர் வந்தது. அது என்ன என்று உனக்கே ஞாபகம் இருந்ததில்லை.

சரி, அதோடு விட்டாயா? ஜூன் பத்தாம் தேதி ஹேண்டில்பாரில் மல்லிகைப்பூவைச் சுற்றி, ஸ்கூட்டரை சதுரங்கப்பட்டினத்தில் உன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாய். தங்கச்சி வெளியே வந்து நம்பரைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? நான் பொறந்தது கார்த்திகை மாசம், பேய் மழையில. இது இஸ்கோல்ல சேக்கும்போது எட்மாஸ்டர் அவரா போட்ட தேதி. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு இதே தேதிதான்."

நான் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ மட்டும் அசையவில்லை. "கவர்மெண்டே ஒத்துக்கிச்சு. நீ யாருடி இல்லன்னு சொல்ல?" என்றாய். அன்றைக்கும் அவள் உன்னோடு பேசவில்லை.

கார் உன் வைத்தியத்துக்குப் போயிற்று. நீயும் போனாய். மிச்சம் இந்தச் சனியன்தான். பதிவுக் காலம் வேறு முடிய இருந்தது. அதற்குள் பேர் மாற்றிப் புதுப்பிக்காவிட்டால் இரும்புக் கடைதான், நம்பரும் அதோடு காலி. போட்டுத் தொலை என்றுதான் அவள் கூடப்பிறந்த அண்ணனும் சொன்னான், நானும் சொன்னேன். அவள் ஒரே பிடியாக நின்றாள். "என் பேருக்கு மாத்திக் குடுண்ணா. நானே ஓட்டிக்கிறேன்."

வண்டி என் வாசலுக்கு வந்து சேர்ந்தது. மாற்றுவது லேசா? நாமினி பேர் போட்டு வைத்திருந்தால் பாதி அலைச்சல் இல்லை. ஊருக்கெல்லாம் போடச் சொன்னாய், உனக்குப் போட்டாயா? ஆர்.சி. புத்தகத்தில் உன் இனிஷியல் ஒன்று, இறப்புச் சான்றிதழில் இன்னொன்று. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், அங்கிருந்து கையெழுத்துக்கு வி.ஏ.ஓ., அவர் இல்லாத நாளில் திரும்ப வீடு. எல்லாம் சேர்ந்து கையில் வந்தபோது, வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரைக் காணோம். கடல் காற்றில் வண்டியை வெட்டவெளியில் போட்டு வைத்தாயே, துரு தின்றுவிட்டது. அந்த நம்பர் தெரியாவிட்டால் வண்டியைப் பார்க்கவே மாட்டார்கள். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு, வெயிலில் மல்லாக்கப் படுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து எடுத்தேன். உன்னை அப்போது திட்டியதை இங்கே எழுத முடியாது.

போன வாரம் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு போனோம். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார், அவளுடைய ஆதாரைப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "பொறந்த தேதியிலயே நம்பர் வாங்கியிருக்கீங்களேம்மா?" என்றார். இது இஸ்கோல் தேதி சார் என்று பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அவள் என்னை ஒரு முறை முறைத்தாள்.

"ஆமா சார். எங்க வூட்டுக்காரரு வாங்கிக் குடுத்தாரு."

உன்னைத் தோளைப் பிடித்து இழுத்து வந்து அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இதைக் கேட்காமல் அப்படி என்னடா அவசரம் உனக்கு?

இன்று காலை, நான் அந்தப் பெட்ரோல் கறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தன் பேருக்கு மாறிய வண்டியை எடுத்துப்போக அவள் வந்தாள். கையில் ஒரு டப்பா, திறந்தால் சேமியா பாயசம். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளுண்ணா. நீயும் மறந்துட்டியா?"

"ஏம்மா, உனக்குக் கார்த்திகையில இல்ல?"

"கார்த்திகையில யாரு ஞாபகம் வெச்சிகினு இருந்தாங்க?" என்றாள். சாவியைப் போட்டாள், உதைத்தாள். என்றைக்கும் எனக்கு மசியாத வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெல்ல ஓட்டிப் போனாள்.

வாசல் காலியாக இருக்கிறது. ஜூன் பத்து இனி எனக்கு மறக்காது, அந்தப் பாரத்தையும் என் தலையில் கட்டிவிட்டாய். வாய் நிறைய உன்னைத் திட்ட வருகிறது மச்சான், திருப்பித் திட்ட நீ இல்லை.