மூக்கும் ஒரு ஜோடி ஷூவும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கண்ணாடியை அரை மணி நேரம் தேடினேன். தலைமேல் இருந்திருக்கிறது. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டால், "நீ தேடுற அழகைப் பாத்துட்டு இருந்தேன்" என்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த பாராட்டு, எழுதியாவது வைப்போம்.

கண்தான் இப்படி, மூக்கு சோடை போகவில்லை. அவசரப் பிரிவில் இருபத்தாறு வருடம் நர்ஸாக நான் நம்பியது அதைத்தான். இன்று பூங்காத் தோட்டக்காரர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு. வாசலில் சீட்டு எழுதியவர் ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடித்துவிட்டார். ஆனால் சட்டை வேர்வையில் தொப்பல். வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. மூச்சில் களகளவென்று சத்தம். பூண்டையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சியது போல ஒரு வாடை. இமையைத் தூக்கிப் பார்த்தேன் — கண்மணி குண்டூசித் தலை அளவு. கெட்ட சாப்பாடு கண்மணியைச் சுருக்குமா என்ன?

பூச்சிமருந்து என்றேன். எங்கள் டாக்டரம்மாவுக்கு நாங்கள் வைத்த பேர் நிதானம். கூரை இடிந்தாலும் எந்தப் பக்கம் முதலில் விழுந்தது என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அவரே இன்று ஓடினார். விஷத்தை முறிக்க அட்ரோபின் ஊசி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி. நாடி எகிறுகிறதே என்று நிறுத்திவிடக் கூடாது. நெஞ்சில் அந்த ஈரச் சத்தம் காய வேண்டும். நான் கையுறை மாட்டி, துணியெல்லாம் வெட்டி எடுத்து, சோப்புப் போட்டுத் தலையோடு கால் குளிப்பாட்டினேன். துணி இரட்டைப் பையில் கட்டிக் கழிவுக்குப் போனது. நாற்பது நிமிடத்தில் நெஞ்சு தெளிந்தது.

மருந்தடிக்கும் டப்பா ஒழுகி இடுப்புக்குக் கீழே நனைந்துவிட்டதாம். மனைவி சொன்னார்.

மார்ச் 4, புதன்

அவருடைய ஷூவை மட்டும் கழிவில் போட மனசு வரவில்லை. புத்தம்புதுத் தோல் ஷூ. மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. கழற்ற மனமில்லாமல் வேலைக்கும் போட்டுப் போயிருக்கிறார் மனுஷன். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மோந்து பார்த்து, மனைவியிடம் கொடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நல்லவள் நான்.

மார்ச் 9, திங்கள்

தோட்டக்காரர் வீட்டுக்குப் போனார். ஷூவோடு, புது மாப்பிள்ளை மாதிரி.

மார்ச் 12, வியாழன்

திரும்பி வந்துவிட்டார். அதே எச்சில், அதே வேர்வை, அதே குண்டூசிக் கண். வேலைக்கே போகவில்லையாம். வீட்டில் மருந்து எதுவும் இல்லையாம்.

ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் நிதானம் கைகட்டி நின்றார். "எங்கிருந்தோ மறுபடி உள்ள போயிருக்கு. எங்கிருந்துன்னு தெரியாம வீட்டுக்கு அனுப்பினா மூணாவது தடவை நமக்கு நேரம் கிடைக்காது."

எனக்குத் தெரியாததா? டீ ரூமில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து விளக்கினேன். அந்த அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கவனித்தீர்களா? கணவர் வாயில் நுரை தள்ளும்போது கைப்பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சமைத்துப் போடுவது யார்? கணக்குச் சரியாக வரவில்லையா?

டம்ளர் காலியாவதற்குள் கேஸை முடித்துவிட்டேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து உத்தரவு: மனைவியை உள்ளே விடக் கூடாது, வீட்டுச் சாப்பாடு கூடாது, நாளை பத்து மணிக்குப் போலீஸ்.

மார்ச் 13, வெள்ளி

எழுதியே ஆகணும்.

காலை எட்டு மணி. அந்த அம்மா வெளியே பெஞ்சிலேயே இருந்தார். சாப்பாட்டுக் கேரியரை வாங்கி வைக்கத்தான் போனேன், முறைப்பாக. பக்கத்தில் போனதும் வாடை. பூண்டு, மண்ணெண்ணெய். கேரியரில் இல்லை. மடியில் இருந்த பையில்.

பைக்குள் ஷூ. வீட்டுக்குப் போனதிலிருந்து தெருவில் நாலடி நடக்கவும் அதைத்தான் மாட்டினாராம், காலில் வேர்க்குமாம், சாக்ஸ் போட மாட்டாராம். இந்தம்மா தினமும் வெறுங்கையால் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்.

"ரெண்டு நாளா கண்ணு மங்கலா இருக்குக்கா. தூங்காததுனாலயா?"

நிமிர்த்திப் பார்த்தேன். இவருக்கும் குண்டூசி.

அடிப்பாவி, நான்தானே கழுவிக் கொடுத்தேன்!

கையைக் கழுவவைத்து, சேலையை மாற்றி, கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நிதானத்திடம் போய் எல்லாம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

"எத்தனை தடவை கழுவினீங்க?"

"மூணு."

"முப்பது தடவை கழுவினாலும் தோல் குடிச்சதைக் கக்காது சிஸ்டர். கால் வேர்த்தா கொஞ்சம் கொஞ்சமா விடும்." பிறகு அவர் பாணியில் மெல்ல, "போலீஸ் வரைக்கும் போனது யார் சொல்லி?"

அதற்கும் நான்தான். பரப்புவதற்கு ஒரு டம்ளர் டீ போதுமாக இருந்தது. திரும்பப் பொறுக்க நாலு மாடி ஏறினேன், லிஃப்ட் வேறு பழுது. ஆபீஸில் எழுத்தில் கொடுத்தேன், என் கையெழுத்தோடு. பத்து மணிக்கு வந்த போலீஸ்காரர் அதைப் படித்துவிட்டு ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

கடைசியாக அந்த அம்மாவிடம். ஷூவைச் சொன்னேன். மீதியையும் சொன்னேன். "உங்களைப் பத்தித் தப்பாப் பேசினதும் நான்தாம்மா."

"தெரியும்க்கா. அந்தப் பெஞ்சுல உக்காந்தா டீ ரூம்ல பேசுறது எல்லாமே கேக்கும்."

கேட்டுக்கொண்டேதான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மார்ச் 14, சனி

இரண்டு பேருக்கும் நெஞ்சு சுத்தம். வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். கிண்டல் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

தம்பதி பரிசோதனைக்கு வந்தார்கள். அவர் காலில் ரப்பர் செருப்பு. சுவரில் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கும் புது விதியை வாய்விட்டுப் படித்தார்: ‘பெல்ட், ஷூ, வாட்ச் வார் — தோல் எதுவானாலும் கழிவுப் பையில். பாசம் காட்ட வேண்டாம்.’ கடைசி வரி எதற்கு என்று கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "அக்காவுக்குப் பாசம் ஜாஸ்தி" என்றார். சிரித்தார். எனக்கு வேண்டியதுதான்.

அவர்கள் போனதும் டீ ரூமில் புதுச் சங்கதி ஒன்று தொடங்கியது, எக்ஸ்ரேக்காரரைப் பற்றி. நாக்கு ஊறியது, பொய் சொல்வானேன். டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

உண்மைதான். சர்க்கரை கலக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. எக்ஸ்ரேக்காரரை விட்டுவிட்டு என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.