முன்சக்கர பிரேக்கும் கட்டுச்சோறும்

ஏனுங்க மாமா, எங்கே இருந்தாலும் சித்த நேரம் காதைக் கொடுங்கள். உங்கள் ருக்குதான் எழுதுகிறேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் கறுப்புக் காருக்கு முன்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் போட்டாயிற்று. வீட்டுக்குப் பின்னால் நம் பொடக்காளியில், கிணற்றடிக்குப் பக்கத்தில், நீங்கள் சாக்கு விரித்துப் படுத்து வேலை பார்ப்பீர்களே, அதே இடத்தில்தான் நடந்தது. போட்டது யார் என்று கேளுங்கள். நான்தான்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாயிற்று.

நீங்கள் போன பிறகு கார் ஷெட்டிலேயே கிடந்தது. பனியன் துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தேன். அவ்வப்போது ஸ்டார்ட் செய்து மங்கலம் ரோட்டில் ஒரு நடை போய்விட்டு வருவேன். நீங்கள் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது ஊரே வாயைப் பிளந்து பார்த்ததே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது வாயைப் பிளப்பதில்லை. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள்.

உங்கள் தம்பி சின்னச்சாமிக்கும் அது பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்த மனுஷர், அவ்வளவுதான். நம் பனியன் கம்பெனிக்கு வந்ததும் அண்ணியான என்னிடம் தினமும் ஒரே பாட்டு.

"நங்கையா, அண்ணன் இல்லாத ஊட்டுல காரு எதுக்குங்க? உடுமலையில ஒரு பார்ட்டி கேக்கறாங்க. குடுத்துப்போடலாமுங்க."

எதற்கு என்று அவருக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். நம் மகள் செல்விக்கு ஏழாம் மாதம்! ஆமாங்க மாமா, நீங்கள் அப்புச்சி ஆகப் போகிறீர்கள், நான் அம்மாயி. கொமரலிங்கத்துக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய், சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, பிள்ளையைத் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். கல்யாணத்தன்றைக்கே நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள்? "பஸ்ஸுல இடிபட்டு வர வேண்டாங் கண்ணு, நானே காரெடுத்துட்டு வாறேன்" என்று சொன்னீர்களா இல்லையா?

இப்போது வீட்டுப் பெரியவர்கள் பேசி முடித்தது வேறு மாதிரி. நான் சோறாக்கிக் கொடுக்க வேண்டுமாம். சின்னச்சாமியும் அவர் சம்சாரமும் அதை பஸ்ஸில் கொண்டுபோய்ப் பிள்ளையைக் கூட்டி வருவார்களாம். புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக் கூடாதாம். ஆக்குகிற கை ஆகும், கொண்டுபோகிற கை ஆகாதா? இது எந்த ஊர் நியாயமுங்க?

நம் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தது நீங்கள் போனபின் நான் ஒருத்திதான். கார் இருந்தால் நான் போயே ஆக வேண்டும், யாரும் தடுக்க முடியாது. கார் போய்விட்டால் நான் வாசலில் நின்று மகளுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் விற்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

இந்த லட்சணத்தில் ஆயுத பூஜை வந்தது.

நம் நிட்டிங் மிஷின் ஓட்டும் கந்தசாமியைத்தான் உங்களுக்குத் தெரியுமே. காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடாமல் ஒரு வாய் டீ குடிக்க மாட்டார். எங்கே கீச்சென்று சத்தம் கேட்டாலும் எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பூஜைக்கு முதல்நாள் நிட்டிங் மிஷின், தையல் மிஷின், தராசு, சைக்கிள், கேட்டுக் கீல் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் விட்டார். நானும் சந்தோஷமாகச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவர் காரையும் விட்டுவைக்கவில்லை. முன்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சநாளாகவே கீச் கீச்சென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மனுஷர் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, டிரம்மையும் கழற்றி, உள்ளே பிரேக் கட்டை முழுக்க மிஷின் எண்ணெயைப் பக்தியோடு விட்டு, திரும்ப மாட்டி, பொட்டும் வைத்துவிட்டார்.

"இனிச் சத்தமே வராதுங்கம்மா" என்று என்னிடம் வந்து சொன்னார். பிரேக்கைத்தான் சொல்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? மகராசனாக இருங்கள் என்றேன்.

மறுநாள் பூஜை முடிந்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நான் ஏறி உட்கார்ந்தேன். கார் பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. பிரேக்கை மிதித்தேன். கந்தசாமி சொன்னது சரிதான், சத்தமே வரவில்லை. கார் நிற்கவும் இல்லை! ஷெட்டுச் சரிவில் தன் பாட்டுக்குப் போகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் எதிரே குவித்திருந்த பனியன் வேஸ்ட்டு மூட்டைகளுக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. மூட்டை பிரிந்து, வெட்டுத்துணியெல்லாம் பறந்து, பக்கத்தில் சூடத்தட்டோடு நின்ற சின்னச்சாமி தலை முதல் கால் வரை வெள்ளையாகிவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அட கெரகமே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பாத்தீங்களா நங்கையா! இந்த வண்டியில புள்ளத்தாச்சியக் கூட்டியாறதுங்களா?" என்றார்.

அந்தக் கேள்வியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கேட்டது நியாயம்தானே? பிரேக்கைச் சரிபண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்றேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார். "பிரேக்கு நல்லாப் புடிச்சா நானே உங்ககூட வாறேனுங்க. இல்லீன்னா ஞாயித்துக்கிழமை உடுமலைக்காரங்க வந்து ஓட்டிட்டுப் போவட்டும்."

வொர்க்‌ஷாப்பில் பூஜை லீவு. லீவு முடிந்தாலும் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. அதோடு, நிற்காத காரை அங்கே எப்படி ஓட்டிப்போவது? நீங்கள் சாக்கில் படுத்துக்கொண்டு "ருக்கு, பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர்" என்று கேட்டபோதெல்லாம் எடுத்து நீட்டியவள் நான். கை நீட்டியவளுக்குக் கண் இருந்திருக்காதா? நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று சேலையை இழுத்துச் செருகி, காரைப் பொடக்காளிக்குத் தள்ளிவரச் செய்தேன்.

கந்தசாமி முகத்தைப் பார்க்கணுமே நீங்கள், அழுதுவிடுவார் போல இருந்தது. எண்ணெய் ஊறிய கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "சோடா போட்டு வேக வெச்சா எண்ணெ போயிருமுங்கம்மா, பிளீச்சிங்குல அப்படித்தானுங்க பண்ணுவாங்க" என்றார். அது பனியன் துணி இல்லை சாமி, பிரேக் கட்டை என்று சொல்லிப் புரியவைத்தேன். பழைய கட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்துக் கோயமுத்தூருக்கு பஸ் ஏற்றிவிட்டேன். அதை மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டு போய், அச்சு அசலாக அதே அளவில் புதுசு வாங்கி வந்துவிட்டார்.

அந்தக் கட்டைகளைக் கழற்றும்போதே பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் ஜாக்கி வைத்திருந்தேன். பார்த்தீர்களா, மறக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பிரித்திருந்தேன். மறுபக்கத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டலாம் இல்லையா? டிரம்மைப் பெட்ரோலில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை துடைத்தேன். இதுவரைக்கும் நல்லபடியாகப் போயிற்று.

அப்புறம் வந்தது அந்தப் பாழாய்ப்போன ஸ்பிரிங். கட்டை இரண்டையும் இழுத்துப் பிடிக்குமே, அதுதான். நீங்கள் அதை மாட்டும்போது பேசிய பேச்செல்லாம் எனக்கும் வாயில் வந்தது, பெண்பிள்ளை என்று அடக்கிக்கொண்டேன். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் நழுவுகிறது. ஒருதரம் பறந்துபோய்க் கிணற்றடித் தொட்டியில் விழுந்தது. அதுவரை எட்ட நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சின்னச்சாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கித் தேடி எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் எட்டப் போகவே இல்லை. நூலை நாலைந்தாக முறுக்கிக் கயிறாக்கி, ஸ்பிரிங்கின் கொக்கியில் கோத்து கந்தசாமி இழுக்க, சின்னச்சாமி கட்டையைப் பிடிக்க, நான் கொக்கியைத் துளையில் தள்ளினேன். டக்கென்று உட்கார்ந்தது. மூன்று பேரும் நோம்பித் திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

இரண்டு பக்கமும் மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். லேசாக உரசுகிற சத்தம் வந்தது. புதுக் கட்டை அப்படித்தான் உரசும், கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும். நான் தலையைத் திருப்பினால், கந்தசாமி எண்ணெய்க் கேனோடு நிற்கிறார்!

"உரசுதுங்கம்மா... ஒரே ஒரு சொட்டு..."

"கையை எடுக்கறீங்களா, இல்லையா!" என்று நானும் சின்னச்சாமியும் ஒரே குரலில் கத்தினோம். பாவம், அவருக்குக் கை தானாகப் போகிறது. கேனை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

சின்னச்சாமி முருகா முருகா என்று பக்கத்து சீட்டில் ஏறினார். அதே ஷெட்டுச் சரிவில் விட்டு மிதித்தேன். கார் அப்படியே நின்றது. அவர் நெற்றி கண்ணாடியில் இடிக்காத குறை. "புடிக்குதுங்க நங்கையா! இன்னொருக்கா புடிங்க!" என்றார். அன்றைக்கு எத்தனை தரம் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்காரர் வந்தபோது, காபி கொடுத்து, கார் விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பியவர் உங்கள் தம்பிதான்.

புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கட்டி டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனோம். விருந்து முடியும்வரை நான் காரிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் வாயில் விழுவானேன்? மனசு வலித்தது மாமா, இல்லையென்று சொல்லமாட்டேன். கதவுக் கண்ணாடி வழியாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படுகிற நேரம் வந்தது. கை நிறைய வளையலோடு செல்வி வெளியே வந்தாள். பின்சீட்டில் அவளுக்குத் தலையணை போட்டு வைத்திருந்தோம். யாரோ ஒரு பெரியம்மா, "அம்மிணி, பின்னால ஏறிக்கோ, அம்மா மூஞ்சியப் பாக்காமப் பொறப்படு" என்று மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது. அவள் நேராக வந்து முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, எல்லோருக்கும் கேட்க, "உன்னைப் பாத்துட்டுப் பொறப்பட்டாத்தானம்மா எனக்கு நல்லது" என்றாள். அந்தப் பெரியம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

சின்னச்சாமியும் அவர் சம்சாரமும் காலிப் பாத்திரங்களோடு பின்சீட்டில். உடுமலை தாண்டுவதற்குள் செல்வி வயிற்றில் கை வைத்தபடி தூங்கிவிட்டாள். அப்போதுதான் ஒரு செம்மறி மந்தை, முன்னறிவிப்பே இல்லாமல், தோப்புக்குள்ளிருந்து ரோட்டில் இறங்கியது. மிதித்தேன். கார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல் நேராக வேகம் குறைந்து, முதல் ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். வளையல்கூடக் குலுங்கவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்தான். பின்னாலிருந்து சின்னச்சாமி, "அண்ணன் ஓட்டுன மாதிரியே இருந்துச்சுங்க நங்கையா" என்றார்.

"உங்க அண்ணன் புடிச்சிருந்தா புள்ள முழிச்சிருப்பாளுங்க" என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா. உண்மையைத்தானே சொன்னேன்?

இப்போது அவள் உள்ளே படுத்திருக்கிறாள். கார் வாசலைப் பார்த்து நிற்கிறது, பெட்ரோலும் இருக்கிறது. வலி எடுத்தால் வேறு யாரையும் கூப்பிட மாட்டேன், நானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போவேன். அங்கிருந்து உங்கள் பேரக்குழந்தையை நானே வீட்டுக்கு ஓட்டி வருவேன். வழியில் எத்தனை மந்தை குறுக்கே வந்தாலும் அதன் தூக்கம் கலையாமல் கொண்டுவந்து சேர்ப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் சம்சாரம், செல்வியின் அம்மா, பிறக்கப் போகும் பிள்ளைக்கு அம்மாயியும் டிரைவரும்,
ருக்கு