கார்டில் என் பெயர்தானே இருந்தது

டேட்டன், ஒஹாயோ
பிப்ரவரி 3, 2019

அன்புத் தம்பி வெஸ்லிக்கு,

நலம். ராணுவ முகாமில் உன்னை மொட்டையடித்த படம் வந்து சேர்ந்தது. காது இரண்டும் தனியாகத் தெரிகிறது. அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

இங்கே ஒரே பனி. என் பழைய கார் போன மாதம் நடுரோட்டில் படுத்துவிட்டது. முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. இரண்டு முறை தாமதமானதும் மேற்பார்வையாளர், "நோரின், இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளப் போட்டுக்குவேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அதனால் ஒரு கார் எடுத்துவிட்டேன். எட்டு வருஷப் பழசு, சாம்பல் நிறம். முன்பணத்துக்கு எப்படியோ சமாளித்தேன், அதை மட்டும் கேட்காதே.

உன் போன் பில் கட்டுவதற்காக உன் கணக்கில் என் பெயரையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தாயே, அந்த கிரெடிட் கார்டு பத்திரமாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
நோரின்

*

பயிற்சி முகாம்
பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

கார் வாங்கியது பெரிய நிம்மதி. இந்தக் குளிரில் நீ தெருவில் நிற்கிறாயே என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பணம் எப்படி வந்தது என்று கேட்கமாட்டேன். யாராவது பணக்காரக் கிழவர் மயங்கிவிட்டாரா?

ஒரு நல்ல செய்தி. ரேடியோவில் எதிராளி பேசுவதை ஒட்டுக்கேட்கிற பிரிவுக்கு எங்களில் நாலு பேரைப் பொறுக்கியிருக்கிறார்கள். நானும் ஒருவன். அந்த வேலை கற்றுக்கொண்டால் வெளியே வந்த பிறகும் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் நம் வரவு செலவையெல்லாம் தோண்டிப் பார்ப்பார்களாம். சார்ஜன்ட் சொன்னார்: "பாக்கி வச்சிருக்கிறவன எவன் வேணா விலைக்கு வாங்கலாம். அவன் கையில ரகசியத்த எப்படிடா குடுக்கறது?" என் கார்டில் போன் பில் தவிர ஒன்றும் இருக்காது என்று மார்தட்டிச் சொல்லிவிட்டேன்.

உன்,
வெஸ்லி

*

டேட்டன்
மார்ச் 31

வெஸ்லி,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அந்த முன்பணம் உன் கார்டிலிருந்து போனது.

கார் விற்கிறவர், "கார்டுல மூவாயிரம் டாலர் வரைக்கும் வாங்கிக்குவோம்மா, மீதிய லோன்ல போட்டுக்கலாம்" என்றார். என் கார்டில் இருநூறுகூட மிச்சமில்லை. உன்னுடையதை எடுத்து நீட்டினேன். அதில் என் பெயர்தானே இருந்தது. தேய்க்கும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சம்பளத்தில் அதிகமாகப் பிடித்த வரிப்பணம் பிப்ரவரியில் திரும்பி வரும், வந்ததும் அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். நம் ஊரில் பாதிப் பேர் அதை நம்பித்தானே கார் எடுக்கிறார்கள். ஆனால் நான் பாதியில் விட்ட நர்ஸ் படிப்பின் கடனுக்காக அரசாங்கமே அதைப் பிடித்துக்கொண்டது. கார்டுக்கு இரண்டு தவணை கட்டவில்லை. உன் பெயரில் பாக்கி ஏறிவிட்டது.

உன் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் பாவி, வேறென்ன சொல்ல. தம்பிக்குத் தெரியாமல் நான்தான் செலவு செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். அவர்களிடம் காட்டு. என்னைப் பற்றி யோசிக்காதே.

நோரின்

*

பயிற்சி முகாம்
ஏப்ரல் 20

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்பே விசாரணை அதிகாரி வந்துவிட்டார். வங்கித் தாளை என் முன்னால் போட்டபோது முதலில் எனக்குப் புரியவே இல்லை. வேறு யாருடையதோ என்று சொன்னேன்.

நீ அனுப்பிய தாளையும் பிறகு அவரிடம் காட்டினேன். அவர், "இது பத்தாது தம்பி. அக்கா மேல போலீஸ்ல புகார் எழுதிக் குடு. அந்த நகல் இருந்தா உன் மேல தப்பில்லன்னு நான் எழுதிடறேன்" என்றார். அக்காவுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "அது அவங்க பாடு" என்றார்.

போலீஸ் பதிவு இருக்கிறவளை முதியோர் இல்லத்தில் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளமாட்டார்கள். யோசிக்க ஒரு வாரம் கொடுத்தார். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. நான் சம்மதித்துத்தான் நீ செலவு செய்தாய் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் தாளைக் கிழித்தாயிற்று. ரேடியோ பிரிவு போயிற்று, எனக்கு லாரி ஓட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். பாக்கியை என் சம்பளத்தில் கட்டிக்கொள்கிறேன், நீ அனுப்பாதே. கார்டை மூடிவிட்டேன்.

கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எடுத்துக்கொள் என்று நானே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் போன் தருகிறார்கள். மூன்று வாரமாக உன் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறேன். கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே, அக்கா. உன்னை வாய்விட்டுத் திட்ட முடிகிற அன்று நானே கூப்பிடுகிறேன்.

வெஸ்லி