தட்டினால் ஓடிவரும்

மார்ச் 3, ஞாயிறு

காட்டில் பேன்ட் கிழிந்துவிட்டது. பின்பக்கம். எங்கள் பெரிய நாய் தடியன் போட்டு வைத்ததை அள்ளக் குனிந்தேன். டர் என்று ஒரு சத்தம். பின்னால் வந்த இரண்டு டீச்சரம்மாக்கள் சட்டென்று அண்ணாந்து ஏதோ பறவையைத் தேட ஆரம்பித்தார்கள். நல்ல மனுஷிகள். மகள் தன் ஸ்வெட்டரை என் இடுப்பில் கட்டிவிட்டாள். "அப்பா, பாவாடை கட்டின கரடி மாதிரியே இருக்க."

மற்றபடி நல்ல நடை. இரண்டாவது பாலம் தாண்டியதும் வழக்கம்போல நாய்களை அவிழ்த்துவிட்டேன். கட்டித்தான் கூட்டிப் போகணும் என்று அங்கே பலகை இருக்கிறது. மகள் ஒவ்வொரு வாரமும் அதைக் காட்டுவாள். "நம்ம நாய்ங்களுக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்பேன். எங்கே போனாலும் என் கைத்தடியால் மரத்தில் ரெண்டு தட்டு தட்டினால் போதும், பிஸ்கட்டுக்கு ஓடிவந்துவிடும். தடியனும் வருவான், பூனை அளவே இருக்கும் கடுகும் வரும். மூன்று மாசப் பயிற்சி. பத்தாவது தாண்டாத வாஷிங் மெஷின் மெக்கானிக்கிடம் படித்த முதல் மாணவர்கள்.

மார்ச் 6, புதன்

மகளுக்கு 28ஆம் தேதி செய்முறைத் தேர்வு. மெழுகில் பல் செதுக்க வேண்டுமாம். பாஸானால் பல் செட் செய்யும் லேபில் வேலை உறுதி. வீடெல்லாம் பல். ஒரு கடைவாய்ப் பல்லை சோப்பு என்று நினைத்துக் கை கழுவிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

எப்படி எழுதுவது.

காட்டில், எனக்கு முடி வெட்டுகிற சலூன் அண்ணன் எதிரே வந்தார், தன் கருப்பு நாயோடு. அதைக் கயிற்றில்தான் பிடித்திருந்தார். கடுகு வாலை ஆட்டிக்கொண்டு அதனிடம் ஓடியது. "தம்பி, கூப்பிடு, கூப்பிடு. இவனுக்கு மத்த நாய் ஆகாது" என்று தூரத்திலிருந்தே கத்தினார். நான் சிரித்தேன். என் வித்தையைக் காட்ட வேண்டாமா? மரத்தில் ரெண்டு தட்டு.

கடுகு வந்தது. நேராக எங்களிடம். கயிற்றை அறுத்துக்கொண்டு கருப்பனும் பின்னாலேயே வந்தான்.

மகளின் காலடியில் வைத்துக் கடுகின் வயிற்றைக் கவ்வினான். அவள் கடுகின் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். கருப்பன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். தடியன் அவன் காதைக் கிழித்தான். ரத்தம், மண், மயிர். அண்ணன் கீழே கிடந்த கட்டை ஒன்றை எடுத்துத் தன் நாயையே அடித்தார். நானும் தடியால் அடித்தேன். யார் அடி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

கருப்பன் அங்கேயே செத்துப்போனான்.

மார்ச் 11, திங்கள்

குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட் தடித்த துணி என்பதால் மகளின் தோளில் பல் ஆழமாக இறங்கவில்லை. உடைந்தது வலது கைதான். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் பின்னால் இரண்டு எலும்பு. கம்பி வைத்திருக்கிறார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கடி இல்ல. அடி" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன்.

கடுகுக்குப் பதினாறு தையல். பிழைத்துவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

சலூன் அண்ணன் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "பாப்பா கைய உடைச்சது நான்தான் தம்பி. கண்ண மூடிக்கிட்டு வீசிட்டேன். பெத்த பிள்ள மாதிரி வளர்த்தவனையும் நானே அடிச்சுக் கொன்னுட்டேன்" என்றார்.

மனைவி விடவில்லை. "தலைக்குத் தலை பார்த்துப் பார்த்து முடி வெட்டுற கை தானே? நாய் எது, பிள்ளை கை எதுன்னு தெரியலியா அந்தக் கைக்கு? பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைங்க அது." தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார்.

நான்? பக்கத்திலிருந்த பழைய மெஷினின் ரப்பர் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கனவே சுத்தமாக இருந்த குழாய்.

மார்ச் 14, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை எழுதியதில் ஒரு வரி பொய். யார் அடி எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் எடுத்தது உளுத்த கட்டை. முதல் அடியிலேயே பொடியாகிவிட்டது. கையில் மிஞ்சிய சாண் அளவுத் துண்டை, கண்ணை மூடி அழுதபடி காற்றில் வீசிக்கொண்டிருந்தார். என் தடி வைரம் பாய்ந்தது.

மூன்றாவது அடியில் கருப்பன் பிடியை விட்டுவிட்டான். நான் விடவில்லை. நாலு. ஐந்து. ஐந்தாவது அடி மகளின் கையில் விழுந்தது. சத்தம் கேட்டது. பதினெட்டு வருஷமாக எத்தனையோ சாமான் உடைகிற சத்தம் கேட்டவன் நான். அப்படி ஒன்று கேட்டதில்லை. அவள் முகத்தைக் கடுகின் மேல் புதைத்திருந்தாள். பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் அடித்தேன். கருப்பன் மண்டையில், இரண்டு தடவை. ஏன்டா அடிச்ச? பயத்துலயா? பயமெல்லாம் மூணோட போயிடுச்சே. நல்லா இருந்துச்சு — அதான் நிஜம். அடிக்க நல்லா இருந்துச்சு.

மார்ச் 17, ஞாயிறு

தடியை உடைத்து அடுப்பில் போட்டேன். அதை நான் கையில் எடுத்ததுமே தடியன் அலமாரிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். பிஸ்கட் காட்டியும் வரவில்லை.

மார்ச் 28, வியாழன்

இன்றுதான் தேர்வு. போக முடியாத மகள் வீட்டிலேயே இடது கையால் ஒரு பல்லைச் செதுக்கப் பார்த்தாள். "இந்தப் பல்லு யாருக்காவது பொருந்தினா அவங்க மனுஷங்களே இல்லப்பா" என்று சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் திறந்தே இருந்தது.

அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 29, வெள்ளி

சொல்லவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

மகள்தான் பிடிவாதமாகக் காட்டுக்குக் கூட்டிப் போனாள். நாய்கள் இரண்டும் கயிற்றில். கடுகு நொண்டி நொண்டி, மோந்து மோந்து நடந்தது; அவசரமே இல்லை.

முதல் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சலூன் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தார். மகள் விடவில்லை, நேராக அவரிடம் போனாள்.

"கடை மூடியே கிடக்கே பெரியப்பா?"

"கத்தியப் பிடிச்சா கை நடுங்குதும்மா. உன் கைதான் ஞாபகம் வருது. இனிமே ஒருத்தர் கழுத்துல எப்படி வைப்பேன்?"

மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாவுக் கட்டுப் போட்ட கையை அவர் மடியில் வைத்தாள். "பரீட்சைய அடுத்த வருஷம் எழுதிக்குவேன். உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. நீங்க வேணும்னேவா அடிச்சீங்க? முதல்ல கடையத் திறங்க. எங்க அப்பா தலையப் பாருங்க, இந்தக் காடே பரவால்ல."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, இந்தக் கைய நம்பித் தலையக் குடுப்பியா?"

"நாளைக்குக் காலையில முதல் ஆளா வரேண்ணே" என்றேன்.

'அண்ணே, அந்தக் கை யார் கையையும் உடைக்கல' என்று சொல்லவில்லை.