குட்டி லீவரும் உங்கள் முழங்காலும்

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். நம் ஜீப்பின் கியர்பாக்ஸைக் கழற்ற மெக்கானிக் வருவார். காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வண்டியை நான் வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

நான் தனியாக ஓட்டினால் அந்த உறுமல் வருவதே இல்லை என்றேன். "அப்ப நான்தான் உறுமுறேனா? வித்துத் தொலை அந்த வண்டிய!" என்று குதித்தீர்களே. ஆமாம், நீங்கள்தான்!

முதலில் உங்கள் எடையைத்தான் சந்தேகப்பட்டேன். உங்கள் சீட்டில் அரிசி மூட்டையை ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். வண்டி வாயே திறக்கவில்லை. பிறகுதான் உங்கள் முழங்கால் ஞாபகம் வந்தது. நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற அந்தக் குட்டி லீவர் மேல் அதைச் சாய்த்துக்கொண்டுதானே உட்காருவீர்கள்? இன்று பால் வாங்கப் போகும்போது லீவரைக் கையால் லேசாக அழுத்தினேன். அதே உறுமல்! உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நானே மாற்றிவிடுவேன். விற்கிற பேச்சை இனி எடுக்காதீர்கள்.

வீட்டுச் சாவி ஆணியில் தொங்குகிறது.

பி.கு.: சண்டை போட்ட இந்த வாரம் முழுக்க நீங்கள் கதவோரமாக ஒட்டிக்கொண்டு வந்தீர்கள். வண்டியில் சத்தமே இல்லை. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சாயங்காலம் உங்களை அழைத்துப்போக வருகிறேன். ஒழுங்காக என் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். ஸ்பிரிங்கை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்.