ஏழரை மணிச் செய்தியும் அத்தையின் மேட்சும்

ஏழரை மணிக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த அன்பு மாமாவுக்கு,

அடுத்த வாரம் உங்களுக்கு முதல் வருடத் திதி. உங்கள் தங்கை சரோஜா பொன்விளைந்தகளத்தூரிலிருந்து போன் செய்து, நினைவு மலர் அச்சடிக்கப் போவதாகச் சொன்னார். “மருமகளுங்கள்ல நீதான் படிச்சவ. அண்ணனப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக் குடு. படிச்சா அழணும்” என்றார். உட்கார்ந்து பார்த்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது நாலு வார்த்தையில் அடங்கவும் இல்லை.

நல்ல வார்த்தைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கருவிப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தீர்கள். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. சிறுசேரிக்கு நான் போகிற ஆபீஸ் வண்டியைப் பிடிக்க, மழையானாலும் புதுப்பட்டினம் முனை வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டீர்கள். வண்டி கிளம்பும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள். உங்களை வெறுக்க முடிந்திருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

இப்போது அந்தக் கறுப்பு டப்பாவுக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற மறு மாதம் அதை வாங்கி வந்தீர்கள். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை டப்பா. போனிலிருந்து வைஃபை வழியாகக் கட்டளை வாங்கி, ரிமோட் வீசுகிற அதே கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தானே வீசும். டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றும் அதன் பேச்சைக் கேட்கும். மூன்று ரிமோட்டுகளையும் அதன் முன்னால் நீட்டி, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, டப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். இரண்டு நாள் ஆயிற்று. பக்கத்தில் நோட்டுப் புத்தகம் வைத்து, கற்றுக்கொண்ட பொத்தானுக்கெல்லாம் டிக் அடித்தீர்கள். மொத்தம் நாற்பத்து மூன்று. ஒரு டப்பாவுக்கு இவ்வளவு பொறுமையாகப் பாடம் எடுத்த நீங்கள், அத்தைக்கு ஏன் மாமா ஒரு பொத்தான்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை?

பாடம் முடிந்ததும் ரிமோட்டுகளின் பேட்டரியைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். “இனிமே எல்லாம் இங்கேர்ந்துதான்” என்று போனை உயர்த்திக் காட்டினீர்கள். கண்ட்ரோல் ரூம் உங்கள் சட்டைப் பைக்கு இடம் மாறியது.

அப்புறம் நேர அட்டவணை. ஆறரைக்கு டி.வி. தானாக எரிந்து விளையாட்டுச் சேனலில் நிற்கும். ஏழரைக்குத் தானாகச் செய்திச் சேனலுக்கு மாறும், சத்தம் இருபத்திரண்டில் நிற்கும். ஒன்பதுக்கு எல்லாம் அணையும். நடுவில் உள்ள ஒரு மணி நேரம் அத்தையுடையது என்று பெருந்தன்மையாக அறிவித்தீர்கள். ஒரு நாளில் மிச்சம் இருபத்து மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அத்தைக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்பது இந்த வீட்டில் ரகசியம் அல்ல. யாரும் கேட்காத தகவல். அட்டவணை வந்த புதிதில், டாஸ் போடுவதை இவர் ஏன் இவ்வளவு கூர்ந்து பார்க்கிறார் என்று வியந்திருக்கிறேன். அவருக்குக் கிடைத்த ஆட்டம் அவ்வளவுதான். ஏழு மணிக்கு டாஸ். ஏழரைக்கு முதல் பந்து வீச ஓடி வருவார்கள். அதற்குள் நான்கு பேர் கோட் போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிப்பார்கள். அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். மீதி ஆட்டத்தை, அடுத்த வீட்டு மாடியிலிருந்து வரும் கூச்சலை வைத்து, தோசைக் கல்லின் முன் நின்று கணித்துக்கொள்வார்.

சிங்கப்பெருமாள் கோயிலில் நடந்த கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? முழங்கால் வலி என்று அத்தை வரவில்லை. அன்று பகல் ஆட்டம். அடுத்த வீட்டில் இருந்ததும் அதே கம்பெனி செட்டாப் பாக்ஸ். அந்த வீட்டு ரிமோட்டை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார். டி.வி. மின்சாரம் இழுத்தால் உங்களுக்குத் தகவல் வரும்படி ஒரு பிளக்கும் மாட்டி வைத்திருந்தீர்களே, அது சொல்லிவிட்டது. கெட்டிமேளம் முழங்கும் நேரம். நீங்கள் போனை எடுத்துப் பார்த்து, என் பக்கம் சாய்ந்து, “ஷிஃப்ட்ல ஆள் இல்லாதப்போ பேனல்ல கை வெக்கிறா பாரு” என்று சிரித்தீர்கள். கட்டைவிரலால் ஒரு தட்டு, வீட்டில் டி.வி. அணைந்தது. பிறகு அதே கையால் அட்சதை போட்டீர்கள். நானும் சிரித்தேன், மாமா. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்த நாட்களிலும் ஏழரை தவறவில்லை. நீங்கள் போன பிறகும் தவறவில்லை. பத்தாம் நாள் கூடம் நிறைய உறவினர்கள். ஏழரை அடித்ததும் டி.வி. மாறி உங்கள் சேனல் வந்தது. சரோஜா மார்பில் அடித்துக்கொண்டு, “ஐயோ, எங்கண்ணன் வந்துகீறாரு பாருங்கடி! நூஸ் பாக்க வந்துகீறாரு!” என்று கதறினார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். டி.வி.க்கு ஆரத்தி காட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். விளம்பர இடைவேளையில் விபூதி கொடுத்தார்கள்.

அது நேர அட்டவணை என்று சொன்னேன். “படிச்ச திமிரு” என்றார் சரோஜா. உங்கள் மகன் என்னைத் தனியே அழைத்துப் போய், “இருக்கட்டும் தேனு. அம்மாவுக்கு ஒரு ஆறுதல்” என்றார். மறைமலை நகரில் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கிற பிரபு. கருவிப் பிரிவுக்காரரின் மகன். சரி, ஆறுதல் என்றால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் ஏழரைக்கு உங்கள் நாற்காலி முன்னால் ஒரு டம்ளர் காபி. சேனலை மாற்றக் கூடாது, நீங்கள் பார்க்கிறீர்களாம். ஒன்பது வரை அத்தை ஓரமாக உட்கார்ந்து நாட்டு நடப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோது சமையலறைக்காவது தப்பிக்க விட்டீர்கள்.

போன மாதம் இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றினோம். புதிய வைஃபைக்கு நான்தான் பெயரும் பாஸ்வேர்டும் வைத்தேன். பழைய பாஸ்வேர்டை மட்டுமே அறிந்திருந்த உங்கள் டப்பா ஊமையாகிவிட்டது. மற்றவர்கள் கவனிக்கவில்லை. ஆறரைக்கு டி.வி. எரியாததால், அத்தை பீரோவைத் திறந்து ரிமோட்டை எடுத்துத் தரச் சொன்னார். பேட்டரி போட்டுக் கொடுத்தேன். ஏழரை வந்தது. செய்தி வரவில்லை.

முதல் பந்து வீசப்பட்டது. அத்தை டி.வி.யையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். நான்காவது ஓவரில் ஒருவன் அவுட் ஆனான். “அவன் அப்போலேர்ந்து ஸ்டம்ப வுட்டு நவுந்துகினே இருந்தான். போவான்னு தெரியும்” என்றார். மாமா, உங்கள் மனைவிக்கு பவுலரின் மணிக்கட்டைப் பார்த்துப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா அது? இரண்டு நாள், இரண்டு முழு ஆட்டம். இரண்டாம் நாள் கடைசி ஓவரில் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

மூன்றாம் நாள் ஏழரைக்கு, பவுலர் ஓடி வந்துகொண்டிருந்தபோது, நான்கு கோட்டுகள் திரும்ப வந்தன. சத்தம் இருபத்திரண்டு.

அத்தை மெல்ல எழுந்து காபி போடப் போனார். நான் உட்கார்ந்து யோசித்தேன். ஆவிக்குச் சுவர் தடையில்லை என்பார்கள். ஆனால் பதினான்கு எழுத்துப் பாஸ்வேர்டை, நடுவில் இரண்டு எண்ணோடு, அது எப்படிக் கண்டுபிடித்தது? அதை அறிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர்தான். ஒருத்தி நான்.

“பிரபு, உங்க அப்பாவுக்கு நம்ம புது பாஸ்வேர்ட யாரு சொன்னது?”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். “ரெண்டு நாளா வூடு ஒரு மாதிரி வெறிச்சுனு இருந்துச்சு தேனு. வேலை முடிஞ்சி உள்ள நுழைஞ்சா அந்த நூஸ் சத்தம் கேக்கும்ல… அப்பா உக்காந்துகினு இருக்கற மாதிரி இருக்கும். அம்மாவுக்கும் அதான்…”

அத்தை காபியோடு வாசலில் நின்றார். “இன்னாடா சொன்ன? நீயா போட்ட?”

“உனக்காகத்தாம்மா. நீதான தெனம் அப்பாவுக்குக் காபி வெக்கிற.”

“சரோஜா சொன்னா, வெச்சேன். ஒரு வருசமா ஆறிப்போன காபிய நாந்தான்டா குடிச்சிகினு கீறேன். உங்கப்பாவா வந்து குடிச்சாரு?” டம்ளரை டங்கென்று வைத்தார். “எனக்குத் தெரியாதா? அந்த டப்பால நீல லைட்டு ஒருவாட்டி மின்னும், அப்பறம்தான் மாறும். ஆவியா வர்ற மனுசன் லைட்டு போட்டுகினா வருவாரு?”

“தெரிஞ்சா ஏன் அத்தை சொல்லல?” என்றேன்.

“சொன்னா இன்னா பேசுவாங்க? புருசன் போயி பத்து நாள்ல இவளுக்கு மேட்ச் கேக்குதுன்னுவாங்க.” உங்கள் மகனைப் பார்த்தார். “அவரு கேக்கல. அது அவரு கொணம். நீ கேட்டிருக்கலாம்ல? அம்மா, உனக்கு இன்னா வேணும்னு ஒரு வார்த்த?”

உங்கள் குரல் வேண்டியிருந்தது பிரபுவுக்கு. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் குரல் ஏறி நின்ற இடம் அத்தையின் நெஞ்சு. மகனுடைய துக்கத்துக்கு அம்மா ஏன் தினமும் ஒன்றரை மணி நேரம் செய்தி கேட்க வேண்டும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டப்பாவின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதற்குள் ஊசியால் அமுக்கிப் பிடித்தால் கற்றது எல்லாம் மறந்துவிடும். அத்தை வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினார்.

“எவ்ளோ நேரம் அமுக்கணும்?”

“பத்து எண்ற வரைக்கும்.”

“நான் இருவது எண்றேன்.”

நீல விளக்கு அணைந்தது. பிறகு மூன்று ரிமோட்டுகளையும் நீட்டி, முதலிலிருந்து பாடம் நடத்தினோம். இந்த முறை பொத்தானை அழுத்தியது அத்தை. டிக் அடித்தது உங்கள் மகன், உங்கள் நோட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில். உங்களுக்கு நாற்பத்து மூன்று தேவைப்பட்டது. அத்தை ஆறே போதும் என்று நிறுத்திவிட்டார். டப்பாவின் கணக்கு இப்போது அத்தையின் போனில் இருக்கிறது. நேர அட்டவணை எதுவும் இல்லை. பிரபுவும் நானும் அதில் விருந்தாளிகள், கேட்டால்தான் அனுமதி. “செய்தி கொஞ்சம் பாத்துக்கட்டுமாம்மா?” என்று நேற்று பிரபு கேட்டார். “இடைவேளைல பாத்துக்கோ” என்றார் அத்தை.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. நேற்று ஏழரை அடித்தபோது, முதல் பந்துக்குச் சற்று முன், அத்தை எழுந்துவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை, சேனல் மாறவில்லை. கால் தானாக எழுந்து சமையலறைப் பக்கம் நான்கு அடி வைத்துவிட்டது. நடுக் கூடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வந்து உட்கார்ந்தார். டப்பா கற்றதை ஊக்கால் அழித்துவிட்டோம், மாமா. இதை எங்கே குத்தி அழிப்பது? உங்கள் நோட்டில் தேடினேன், அதற்குக் குறிப்பு இல்லை.

சரோஜா இதை அச்சிட மாட்டார் என்று தெரியும். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் நானே போட்டுவிடுகிறேன்.

திதி அன்று உங்களுக்குப் பிடித்த மசால் வடையும் சேமியா பாயசமும் இருக்கும். குறை வைக்க மாட்டேன். உங்கள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுவிட்டோம். எங்கே மாட்டலாம் என்று பிரபு கேட்டதற்கு, டி.வி.க்கு நேர் எதிர்ச் சுவரைக் காட்டினார் அத்தை. தினமும் புதுப் பூ வைப்பேன். ஒட்டடை சேர விடமாட்டேன். அன்று சாயங்காலமும் ஆட்டம் இருக்கிறது. முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை முழுவதும் பார்ப்பீர்கள். சேனலை மட்டும் உங்களுக்காக மாற்ற மாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் ஸ்கூட்டரில் ஏற்றிப் போன மருமகள்,
தேன்மொழி